நாற்பத்தொரு கிலோ

அண்ணன் இறந்து எட்டு மாதம் கழித்து, பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை விற்றுவிடத் தம்பி முடிவு செய்தான். கண்ணாடிக் குழல் வால்வுகள் வைத்த பழைய பெட்டி; இரண்டு பக்கமும் கைப்பிடி. பன்னிரண்டு வருடமாக அவன் வலப்பக்கமும் அண்ணன் இடப்பக்கமும் பிடித்துத்தான் கச்சேரிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

மெக்கானிக்கின் கடை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. அவர் வால்வுகளைச் சூடேற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"முந்நூறு வாட் குறையாம இருக்கு. ஆனா இப்போ ரெண்டு கிலோ பெட்டியே ஐந்நூறு வாட் கொடுக்குது. இதை யாரு கட்டி அழுவா?"

எடை பார்க்கத் தராசில் ஏற்ற முயன்றார். ஒரு முனைதான் எழும்பியது. தம்பி ஏற்றி வைத்தான். நாற்பத்தொரு கிலோ காட்டியது.

"உன்கூட யாருப்பா தூக்கிட்டு வந்தது?"

"யாரும் வரல சார். நான்தான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கை வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. பயமும் வரவில்லை. எட்டு மாதமாக அவனுக்கு எதுவுமே வந்ததில்லை.

"விக்கல சார்" என்றான்.

வலப்பக்கக் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கினான். இடப்பக்கமும் சமமாக எழும்பியது. மெக்கானிக் இரட்டைக் கதவில் மூடியிருந்த இன்னொரு பாதியையும் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டியின் இடப்பக்கம் மெல்லத் தாழ்ந்து படியைத் தொட்டது.

"மெதுவா கை மாத்திக்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தம்பி காத்து நின்றான்.