நாற்பது காப்பு

படிப்பைப் பாதியில் விட்டுவிடக்கூடும் என்று கணினி கணக்கிட்ட முதலாண்டு மாணவிகளுக்குக் கல்லூரியில் பேசும் மஞ்சள் காப்பு ஒன்றைக் கையில் மாட்டிவிடுவார்கள். நாற்பது பேர் வகுப்பில், செங்கல் சூளையிலிருந்து வந்த பூவாத்தாளின் கையில் மட்டும் அது இருந்தது. மிகுந்த அக்கறையுள்ள காப்பு. பாடம் நடக்கும்போதே, "பூவாத்தாள், மனது சரியில்லையா? காலையில் சாப்பிட்டாயா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி விசாரிக்கும்.

அந்த வெட்கத்திலேயே ஊருக்குப் போய்விட அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். இன்றைக்காவது அதன் வாயை அடைத்துவிடு என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை வகுப்புக்குப் போனாள்.

அங்கே எல்லார் கையிலும் மஞ்சள் காப்பு.

"என்னடி இது?"

பக்கத்திலிருந்த ரெஜினா சிரித்தாள். "நேத்து டெஸ்ட்ல நாங்க எல்லாரும் வேணும்னே வெறும் பேப்பரக் குடுத்தோம். மெஷின் பயந்துபோச்சு. நீ ஒருத்திதான்டி ஒழுங்கா எழுதியிருக்கே."

பாடம் தொடங்கியதும் நாற்பது காப்புகளும் ஒரே குரலில், சாப்பிட்டாயா என்று கேட்டன. "ஆச்சு" என்றது வகுப்பு. பூவாத்தாளும் சேர்ந்து சொன்னாள். ஒரு வாயை அடைக்கச் சொன்னால், அம்மன் நாற்பது வாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

வகுப்பே கலைந்துவிடும் என்று அன்று மாலை கணினி முதல்வருக்கு அவசர எச்சரிக்கை அனுப்பியது. அந்த நேரத்தில் விடுதியில் பூவாத்தாள் பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.