பக்கத்துத் தெரு

“இன்னைக்கும் கையெழுத்துப் போடலையா சார்?”

பூதக்கண்ணாடி தலையை நிமிர்த்தவில்லை. சோதனைப் பிரிவில் அவருக்கு அதுதான் பெயர். புரோகிராமில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்து எல்லார் உயிரையும் வாங்குவார்.

“இன்னும் ஒரு நாள் பொறுங்க மேடம். எங்கேயோ இடிக்குது.”

மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருடம் கழித்துக் கடல் எந்தெந்தத் தெருவுக்குள் வரும் என்று கணக்குப் போடும் புரோகிராம் அது. மூழ்கும் தெரு சிவப்பு, தப்பும் தெரு பச்சை. இவர் கையெழுத்துப் போட்டால்தான் படம் வெளியே போகும். நகராட்சியிலிருந்து மூன்று நாளாகப் போன் மேல் போன்.

படத்தில் இவர் தெரு செக்கச்செவேல். இந்த வாரம் வீட்டை விற்கப்போகிறார் என்பதும் ஆபீஸ் முழுக்கத் தெரியும். அப்புறம் என்ன விளக்கம் வேண்டும்? இருபது வருட நேர்மை, சொந்த வீடு என்று வந்ததும் பல்லிளித்துவிட்டதே என்று மேலாளருக்கு வேதனையாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவரே அறைக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“பிழை கிடைச்சிடுச்சு மேடம். சரி பண்ணிட்டோம்.”

“உங்க தெரு பச்சையாயிடுச்சாக்கும்?” குத்தலாகவே கேட்டார் மேலாளர்.

“இல்ல மேடம், அது சிவப்புதான். அதுல தப்பே இல்ல. பக்கத்துத் தெருதான் பச்சையிலேருந்து சிவப்பா மாறிடுச்சு. ஊரைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுத்தானே கணக்குப் போடறோம்? அந்தத் தெரு ரெண்டு கட்டம் ஒட்டுற இடத்துல இருக்கு. இந்தக் கட்டமும் அதை எடுத்துக்கல, அந்தக் கட்டமும் எடுத்துக்கல. கணக்கே போடாம பச்சைன்னு காட்டியிருக்கு.”

“அப்போ... உங்க வீடு?”

“வாங்க வந்தவங்ககிட்ட வந்த அன்னைக்கே சொல்லிட்டேன், இந்தத் தெரு வேணாம்னு. சின்னஞ்சிறுசுங்க, கைக்குழந்தை வேற. ‘அப்போ பக்கத்துத் தெரு எப்படி சார்?’னு கேட்டாங்க. படத்தை நம்பி, தைரியமா வாங்குங்கன்னு சொன்னது நான்தான். சொன்னதுலேருந்து தூக்கமே இல்ல மேடம்.”

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“வரட்டுமா? நாளைக்குக் காலையில அந்தப் பக்கத்துத் தெரு வீட்டுக்கு அவங்களுக்குப் பத்திரப் பதிவு. நேர்ல போய் நிறுத்தணும்.”