மூடிய கைக்குள்

“செத்தவன் கையைப் பிரிச்சுப் பாப்பானா அண்ணி, அந்தச் சாமியாரு?”

கேட்டவன் கிச்சிஜி. அண்ணி ஓகினு அன்று காலையில்தான் புருஷனைப் பறிகொடுத்தவள். அவன் அண்ணன் மொசுகேயை ஊர் வழக்கப்படி முழங்காலை மடக்கி, புதைக்கிற மரத்தொட்டிக்குள் உட்கார வைத்திருந்தார்கள். ஊருக்குத் தெரியாத வழக்கம் ஒன்று அவனுடைய வலது கைக்குள் இருந்தது. ஓகினு வெள்ளைத் தாளில் வெட்டிச் செருகிய சின்னச் சிலுவை.

“பாத்தா பாக்கட்டும். இது இல்லாம போக மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் உங்கண்ணன் கண்ணை மூடினாரு.”

“அவரு போயிட்டாரு. மாட்டினா இருக்கிறவங்க தலைதான் போகும். குழந்தை குட்டியோட போகும்.”

அவன் சொன்னது பொய்யில்லை. இயேசுவின் பெயரைச் சொன்னாலே தலை போகிற காலம் அது. தீவில் எல்லோரும் வெளிப்பார்வைக்குப் புத்தர் கோயிலைச் சேர்ந்தவர்கள். சாவு விழுந்தால் துறவி வந்து பிணத்தைப் பார்த்து, தலையை மழித்து, ‘இவன் கிறிஸ்தவன் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால்தான் புதைக்க முடியும். அவர் முன்னறையில் மந்திரம் ஓத ஓத, அது பிணத்தில் ஒட்டாமல் போவதற்காக உள்ளறையில் ஒருவன் ஒளிந்துகொண்டு ஜெபத்தை முணுமுணுப்பான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். கடல் தாண்டி என்றைக்காவது ஒரு பாதிரியார் வருவார், அதுவரை விடக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு பிடிவாதம்.

பழைய துறவிக்குக் காது மந்தம். பாதி மந்திரத்தில் தூங்கியும் போவார், நல்ல மனுஷன். அவர் போய்ச் சேர்ந்தபின், கோட்டை நகரத்திலிருந்து வந்திருந்தார் சோகான். இளவயது. பாம்புக் காது. அவர் வந்தபிறகு ஊரில் விழுந்த முதல் சாவு இதுதான்.

“ஒற்றன் அண்ணி அவன். போன வாரம் தண்ணி வேணும்னு என் வீட்டுக்குள்ள வந்து அடுப்பங்கரை வரைக்கும் தலையை நீட்டிப் பாத்தான். கோயில்ல கிணறு இல்லையாமா?”

“ஒற்றன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை தலைமுறை பொறுத்தோம். இந்த ஒரு பொழுது பொறுத்துக்க தம்பி. நான் தண்ணி எடுத்துட்டு வந்துடறேன், அண்ணன் பக்கத்துல இரு.”

அவள் குடத்தோடு திரும்பியபோது சோகான் வாசலுக்கே வந்துவிட்டார். கிச்சிஜி உள்ளறைக்குள் பதுங்கிக் கதவை இழுத்துவிட்டிருந்தான்.

“உடம்புக்கு என்ன?”

“காய்ச்சல் சாமி.”

“உயிர் போறப்ப நினைவு இருந்துதா?”

“இருந்தது.”

“கடைசியா ஏதாவது சொன்னாரா?”

மொசுகே கடைசியாகச் சொன்னது மாதாவின் பெயரை.

“தண்ணி கேட்டாரு சாமி.”

“தண்ணி மட்டும்தானா?”

“வேற என்ன கேப்பாரு?”

சோகான் அவள் முகத்தைக் கண்கொத்திப் பாம்பு போலப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து மந்திரத்தை ஆரம்பித்தார். நடுவில் திடீரென்று நிறுத்தினார். அது தெரியாமல் உள்ளறையில் கிச்சிஜி முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். பாவி, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. ஓகினு தொண்டை கிழிய இருமினாள். துறவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னைவிட உரக்க ஓத ஆரம்பித்தார்.

ஓதி முடித்ததும் சவரக் கத்தியை எடுத்தார்.

“தலை மழிக்கணும். நீங்க வெளிய இருங்க.”

“பழைய சாமி இருந்தப்ப நாங்க கூடவே இருப்போம்.”

“நான் பழைய சாமி இல்லம்மா.”

கதவைச் சாத்திக்கொண்டார். ஓகினு அதில் காதை வைத்துக் கேட்டாள். கத்தி சத்தம் கொஞ்ச நேரம்தான். பிறகு துணி சரசரத்தது. கையைப் பிரிக்கிறான். பிரித்தே விட்டான். அந்த மொட்டைத் தலையனை மனசார வெறுத்தாள். காவலர்கள் வந்தால், வைத்தது நான் ஒருத்திதான், கொழுந்தனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லத் தயாராகிக்கொண்டாள்.

கதவு திறந்தது.

“எடுத்துட்டுப் போய்ப் புதைக்கலாம். கிறிஸ்தவன் இல்லேன்னு எழுதிடறேன்.”

கொடுத்த தேநீரைக்கூடத் தொடாமல் சோகான் இறங்கிப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் ஓகினு தொட்டியிடம் ஓடினாள். மொசுகேயின் வலது கைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். கண்ணில் நீர் முட்டியது.

“இருக்கு தம்பி, அப்படியே இருக்கு. ஆண்டவர் அவன் கண்ணைக் கட்டிட்டாரு.”

உள்ளறையிலிருந்து வந்த கிச்சிஜி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் பேயறைந்தது போல இருந்தது.

“இருக்காது அண்ணி.”

“என்ன இருக்காது? என் கையில தட்டுப்படுதே.”

“நீங்க தண்ணி எடுக்கப் போனப்ப நான் எடுத்துட்டேன். பயந்துட்டேன் அண்ணி, என்னை மன்னிச்சிருங்க.”

சட்டைக் கைக்குள்ளிருந்து அவன் எடுத்து நீட்டியது, காலையில் அவள் வெட்டிய வெள்ளைத் தாள் சிலுவை.

ஓகினு மெதுவாக மொசுகேயின் விரல்களைப் பிரித்தாள்; உள்ளே இருந்தது, யாரோ பல வருஷம் மடியில் ஒளித்து வைத்து ஜெபித்து ஜெபித்து முனை மழுங்கிப் போன ஒரு மரச் சிலுவை.