தொட்டியில் நல்ல சேதி

பிச்சாட்டூரிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வந்த பாஸ்கர், தங்கை கன்னிகா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் கையில் ஒரு கிண்ணம் கேசரி வந்து சேர்ந்தது. கொடுத்தவள் தங்கையின் மாமியார் பச்சையம்மாள்.

“வாப்பா பாஸ்கரு. மொதல்ல துன்னு. வூட்ல நல்ல சேதி.”

பாஸ்கருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை, வந்து உன் தங்கச்சியை அழைத்துக்கொண்டு போ என்று நேற்று போனில் சொன்னவளும் இதே பச்சையம்மாள்தான். ஒரே ராத்திரியில் பெருமாள் கண் திறந்துவிட்டாரா?

“கன்னிகாவுக்கா அத்தே?” என்றான்.

“அவளுக்கு இன்னா வந்துச்சு? இப்டி வா” என்று கூடத்து மூலைக்கு இழுத்துப்போனாள்.

அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே மீனும் இல்லாமல் பல்லியும் இல்லாமல், கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்பு இறகு போலச் செவுளை விரித்துக்கொண்டு, ஒரு வெளுத்த பிராணி நாலு காலில் நடந்துகொண்டிருந்தது. செடியிலும் கல்லிலும் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி முட்டைகள் ஒட்டியிருந்தன.

கேசரி அந்த முட்டைகளுக்காக என்று புரிய பாஸ்கருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் கதவோரம் இருந்த பையும் கண்ணில் பட்டது. அது கன்னிகாவின் பை. ஜிப் போட்டுத் தயாராக இருந்தது.

பிராணியின் பெயர் ஆக்சலாட்டல். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை கோவர்த்தனன், குஞ்சு பொரித்து விற்கலாம் என்று ஒரு ஜோடி வாங்கி வந்தான். வாங்கியதோடு அவன் வேலை முடிந்தது. திருப்பதி வெயிலில் தண்ணீர் சுடாமலிருக்க ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றி மிதக்கவிடுவதும், மண்புழுவைக் கழுவி நறுக்கி இடுக்கியில் பிடித்து ஊட்டுவதும் கன்னிகா தலையில் விழுந்தது. ஜோடியில் பெண் எந்நேரமும் உடைந்த சட்டிக்கு அடியில் பதுங்கியிருக்கும். கன்னிகா வளையலால் கண்ணாடியைத் தட்டினால்தான் வெளியே வரும்.

வருஷம் ஒன்று போயும் முட்டை இல்லை. வீட்டுக்காரி ராசி தொட்டிக்கும் ஒட்டிக்கொண்டது என்று பச்சையம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கன்னிகா தனியாகத்தான் போய்வந்தாள். அடுத்த தடவை வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொன்னார் டாக்டர். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

போன மாதம் கோவர்த்தனன் பொறுமை இழந்து, பெண்ணைக் கடையில் கொடுத்து மாற்றிவிட்டு வா என்று கன்னிகாவிடம் சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினான். அவள் தண்ணீர்க் கவரில் ஒன்றைப் பிடித்துப்போய்க் கொடுத்து, வேறொன்றை வாங்கி வந்தாள். நிறத்தில் அச்சு அசல் ஒன்றே. இன்று காலை தொட்டி நிறைய முட்டை.

“பாத்தியா?” என்றாள் பச்சையம்மாள். “ஒரு வருசம் சும்மா கெடந்த தொட்டி. பொட்டைய மாத்துனோம், ஒரே மாசத்துல ரொம்பிப்போச்சு. என் புள்ளைக்கும் அதத்தான் சொல்லிக்கினு கீறேன்.”

குடிபாலாவில் பெண் பார்த்தாகிவிட்டதாம். வக்கீலிடமும் பேசியாயிற்றாம். சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துகொண்டால் இரண்டு வீட்டுக்கும் மரியாதை என்றாள். சோபாவில் இருந்த கோவர்த்தனன் தலையைத் தூக்கவில்லை. முட்டைகளைப் போனில் படம் எடுத்துப் போட்டு, வாங்குவதாகச் சொன்னவர்களுக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தான்.

பாஸ்கர் கேசரியைக் கீழே வைத்தான். தொட்டியே சாட்சி சொல்லும்போது அவன் என்ன சொல்ல?

கன்னிகா சமையலறையிலிருந்து வந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை. பையை எடுக்கக் குனிந்தவளைப் பச்சையம்மாள் நிறுத்தினாள்.

“போறதுக்கு முன்ன இதுங்களுக்குத் தீனி எப்டி வைக்கறதுன்னு காட்டிட்டுப் போ. நாளைக்கு வர்றவளுக்கு நான் சொல்லித் தரணும் இல்ல?”

பாஸ்கர் பல்லைக் கடித்தான். கன்னிகா மண்புழு டப்பாவை எடுத்து வந்தாள். முட்டையையும் இதுகளையும் ஒன்றாக விடக்கூடாது, விட்டால் தின்றுவிடும், ஒரு டப்பில் தனியாகப் போட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு வளையலால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

உடைந்த சட்டிக்கு அடியிலிருந்து ஒன்று மெல்ல வெளியே வந்தது. நேராக அவள் கைக்கு வந்து, இடுக்கியில் இருந்த புழுவை லபக்கென்று இழுத்துக்கொண்டது.

பச்சையம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வந்து ஒரு மாசந்தான் ஆவுது, எப்டிப் பழகிக்கிச்சு பாரு. புதுசு புதுசுதான்.”

கன்னிகா கையைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். வாசற்படியில் நின்று திரும்பி, மாமியாரைப் பார்க்காமல், சோபாவைப் பார்த்துச் சொன்னாள்:

“இது பழைய பொட்டதான் அத்தே. நான் மாத்துனது ஆம்பளைய.”