பக்கம் ஐந்து

“சொன்னேனா இல்லையா? கோச் என் லெட்டரைப் படிச்சிருக்கார்!”

அமுவானின் பேப்பர் கடை முன்னால் நின்றிருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நியாஹோரே, கயிற்றில் தொங்கிய முதல் பக்கத்தைக் கைத்தடியால் தட்டினார். ஆப்பிரிக்கக் கோப்பையின் கால் இறுதியில் நேற்று ஐவரி கோஸ்ட் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்திருந்தது. கொட்டை எழுத்தில் தலைப்பு:

‘ஜெயிக்க வைத்தது ஒரு ரசிகரின் கடிதம்! பயிற்சியாளர் மனம் திறக்கிறார். பக்கம் 5.’

யோப்பூகோன் பேட்டையில் அந்தக் கடை முன்னால் தினமும் காலையில் கூட்டம் சேரும். தொங்குகிற தலைப்புகளைப் படிக்கும். கோச்சை வேலையை விட்டுத் தூக்கும். புது கோச்சை நியமிக்கும். அப்புறம் பஸ் பிடித்து வேலைக்குப் போகும். பேப்பர் மட்டும் வாங்காது. “தலைப்பைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்குன்னு புரியாதவன், உள்ளே படிச்சு மட்டும் என்ன கிழிச்சிடப் போறான்?” என்பது நியாஹோரேயின் கொள்கை. பதினோரு வருஷமாக அவர் அந்தக் கொள்கையையும் விட்டதில்லை, கடையிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியையும் விட்டதில்லை.

பேப்பர் போடுகிறவன் நேற்றே அமுவானிடம் சொல்லிவிட்டான். “அக்கா, நாளைக்கும் கட்டு விக்காம அப்படியே திரும்பி வந்துச்சுன்னா, திங்கட்கிழமையிலேர்ந்து உனக்குப் பேப்பர் கிடையாது.”

பேப்பர் இல்லையென்றால் கடை இல்லை. இன்றைக்கு ஒரு பேப்பர்கூடத் திரும்பிப் போகாது என்று விடிகாலையிலேயே முடிவு கட்டியிருந்தாள். தொங்குகிற பேப்பரை யாரும் புரட்டிப் பார்க்க முடியாதபடி, வழக்கமாக இரண்டு கிளிப் போடுகிற இடத்தில் நாலு கிளிப் மாட்டியிருந்தாள்.

மினிபஸ் டிரைவர் ஸியாக்கா முன்னால் வந்தான். “தலைவரே, ஒரு சந்தேகம். ஸாதியை வெளியே உட்கார வைக்கணும்னு வாரம் பூரா கத்தினது நீங்கதானே? ரெண்டு கோலும் அவன்தானே அடிச்சான்?”

“இங்கே பேசறது வேற, லெட்டர்ல எழுதறது வேற. எதிரி டீமோட ஒற்றன் காதுல விழட்டும்னு பேசினேன்டா!”

“ஒற்றன் யோப்பூகோனுக்கு வந்து உங்க பேச்சைக் கேட்பானா?”

“ஏன் வரமாட்டான்? உன் வண்டியிலேயே நாலு பேர் தொங்கிட்டு வருவானுங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸியாக்கா விடவில்லை.

“சரி, அஞ்சு பேரைப் பின்னால நிறுத்தித் தடுத்து ஆடணும்னீங்களே?”

“அதுவும் ஒற்றனுக்குத்தான்.”

“கோச் ஒரு மண்ணாந்தைன்னீங்களே?”

“அது கோச்சுக்கு ரோஷம் வரட்டும்னு. வந்துச்சா இல்லையா?”

போன திங்கட்கிழமை அவர் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, ஆளுக்கு ஆள் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்த்தார். அதனால் கடிதம் போனதில் யாருக்கும் சந்தேகமில்லை. உள்ளே என்ன எழுதியிருந்தார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அமுவான் மெதுவாக வாயைத் திறந்தாள். “தலைவர் பேரை உள்ளே போட்டிருப்பாங்க, இல்லே?”

“போடாமே? முழுப் பேரையும் போட்டிருப்பான்!”

“அப்போ ஒண்ணு வாங்கி, எல்லாருக்கும் படிச்சுக் காட்டலாமே.”

“நான் பேப்பர் வாங்கறதா? அமுவான், யார்கிட்டப் பேசறேன்னு தெரிஞ்சு பேசு.”

“வேண்டாம்னா விடுங்க. காப்பிக் கடைப் பெரியவரும் கோச்சுக்கு லெட்டர் போட்டேன்னு சொல்லிட்டிருந்தார். ஒருவேளை அவரோ என்னவோ.”

“அந்த ஆளா? அவனுக்கு ஆஃப்சைடுக்கும் கார்னருக்கும் வித்தியாசம் தெரியாதே!”

“வாங்குங்க தலைவரே!” என்றது கூட்டம். “பக்கம் அஞ்சு! பக்கம் அஞ்சு!”

பதினோரு வருஷக் கொள்கை பையிலிருந்து சில்லறையாக வெளியே வந்தது. நியாஹோரே பேப்பரை வாங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, “முதல்ல நான் ஒரு தடவை பார்த்துடறேன். பெரிய மனுஷங்க பேட்டி, நிறுத்திப் படிக்கணும்” என்று பாதாம் மரத்தடிக்குப் போனார்.

உதடுகள் அசைந்தன. நின்றன. பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

“மிச்சம் எத்தனை இருக்கு?”

“கட்டு அப்படியே இருக்கு, தலைவரே.”

“எல்லாத்தையும் குடு.”

கூட்டம் விசிலடித்தது. “பார்த்தியாடா, தன் புகழை மொத்தமா வாங்கறாரு!” “எனக்கு ஒண்ணு குடுங்க தலைவரே, கையெழுத்துப் போட்டு!”

“இல்லே... ஊர்ல சொந்தக்காரங்க ஜாஸ்தி” என்று முனகியபடி, கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினார். பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு பேப்பர் கடையை நோக்கித்தான் போனார்.

ஸியாக்கா பையில் கையை விட்டான். “அக்கா, எனக்கும் ஒரு பேப்பர் குடேன்.”

“தீர்ந்துபோச்சு தம்பி.” பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அமுவான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் வலி தீர உட்கார்ந்துவிட்டு எழுந்து, கயிற்றில் தொங்கிய பேப்பரின் நாலு கிளிப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். விடிகாலையில், கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக அவள் படித்திருந்த ஐந்தாம் பக்கத்தை வெளியே தெரியும்படி மடித்து மறுபடி மாட்டினாள்.

‘யோப்பூகோனிலிருந்து நியாஹோரே என்பவர் எழுதியிருந்தார்’ என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ‘ஸாதியை உட்கார வையுங்கள், ஐந்து பேரைப் பின்னால் நிறுத்துங்கள் என்று நாலு பக்கம். எனக்கு இருந்த குழப்பமெல்லாம் தீர்ந்தது; அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராகச் செய்தேன், ஜெயித்தோம். அரை இறுதிக்கு முன்னாலும் ஐயா தவறாமல் எழுத வேண்டும்.’