நத்தை வீட்டுக்கு வாஸ்து

பனி ஈரம் காயாத காலையில், நத்தை ஜன்னல் விளிம்பில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. அதற்கு வீட்டு வேலை நடக்கிற சமயம். உடம்பு வளர்கிற அளவுக்கு ஓட்டின் வாசலில் கொஞ்சம் கூட்டிக் கட்டிக்கொள்ளும். பழையதில் எதையும் இடிக்காது.

ஜன்னலுக்கு உள்ளிருந்து பல்லி எட்டிப் பார்த்தது. அது கூடத்துக் காலண்டருக்குப் பின்னால் குடியிருந்தது. அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருந்த வாஸ்து பலன்களைப் படித்துப் படித்தே பெரிய நிபுணராகிவிட்டது.

"என்னங்க, வாசல் தெற்கே பார்க்குது? ஆகாது. இடிச்சுக் கட்டுங்க."

நத்தை பாதி உடம்பை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஓடு போனால் உச்சி வெயிலுக்குள் உயிரும் போய்விடும்.

"எந்தப் பக்கம் இருக்கணும், ஐயா?"

"கிழக்கே."

நத்தை மெல்லத் திரும்பி நின்றது. "இப்போ சரியா?"

பல்லி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "சரிதான். ஆனா முருங்கைமரம் மறிக்குது. வடக்குன்னா உத்தமம்."

நத்தை வடக்கே திரும்பியது. அதற்கு இப்போது விளையாட்டாகவே இருந்தது.

அதற்குள் கூடத்தில் சத்தம் கேட்டது. அன்று ஜனவரி முதல் தேதி. உள்ளே ஓடிய பல்லி மூச்சிரைக்கத் திரும்பி வந்தது.

"பழைய காலண்டரை ஆணியோடயே கழற்றிட்டாங்க. புதுசு எதிர்ச்சுவர்ல."

"எந்தப் பக்கம் பார்த்து?"

"தெற்கே."

"ஆகாதுன்னீங்களே, ஐயா?"

"ஆணி அங்கதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, பல்லி குடியேற ஓடியது.

மிச்சச் சுண்ணாம்பும் தெற்கேதான் இருந்தது. நத்தை வாசலைத் திருப்பிக்கொண்டு கிளம்பியது.