கடைசிப் பல்

"ஸ்கூல்ல வயசைத் தப்பா போட்டுட்டாங்க டாக்டரம்மா. கவியாவுக்குப் பத்தொம்போது முடிஞ்சிடுச்சு" என்றார் உத்திராபதி. மகளின் கல்யாணத்தை நிறுத்திய அதிகாரிகள், அவள் வயதைப் பார்த்துச் சொல்லும்படி பெரம்பலூர் பல் டாக்டர் அம்பிகாவிடம் அனுப்பியிருந்தார்கள்.

அம்பிகா கவியாவின் வாயைப் பார்த்தாள். "கடைசிக் கடவாய்ப் பல் இன்னும் முளைக்கலையே?"

"எங்க வூட்டுல அது லேட்டாத்தான் வரும். பரம்பரை."

அப்படியும் உண்டுதான். பெரும்பாலும் பதினேழு, பதினெட்டில் முளைக்கத் தொடங்கும் பல், சிலருக்கு இருபத்தைந்தில் முளைக்கும். சிலருக்கு முளைக்கவே முளைக்காது. அந்த ஒரு பல்லை நம்பி வயதை அடித்துச் சொல்ல அம்பிகாவுக்குத் தயக்கமாக இருந்தது.

அந்தத் தயக்கத்தை உத்திராபதி பிடித்துக்கொண்டார். "சந்தேகம்னா இவளையே கேளுங்க" என்று மனைவி கலையரசியைக் கை காட்டினார். "கல்யாணமாகி, கவியா பொறந்து பால்வாடிக்குப் போறப்பத்தான் இவளுக்கு அந்தப் பல்லு முளைச்சுது. வலி தாங்காம அழுதா."

"அப்படியாம்மா? கல்யாணத்தப்போ உங்களுக்கு என்ன வயசு?"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கலையரசி, நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பாமலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பதிமூணுங்க."